லிஃப்ட் கதவு மூடும் வரை

என் தங்கை சாப்பாட்டை நிறுத்திய பிறகுதான் நான் குக்கீஸ் சுடக் கற்றுக்கொண்டேன். தையல் மெஷினைத் தவிர வேறு எந்த மெஷினும் என் பேச்சைக் கேட்டதில்லை. மிக்ஸியைப் போட்டால் மூடி ஒரு பக்கம் பறக்கும், சட்னி ஒரு பக்கம் பறக்கும். அப்படிப்பட்டவள் ஓவன் வாங்கினாள் என்று தெரிந்தால், என் கடைக்குத் துணி தைக்க வருகிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் வெளியே மூச்சு விடவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கைக்கு இனிமேல் செய்ய ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு அழைத்துப் போங்கள், அவர் ஆசைப்பட்டதைக் கொடுங்கள் என்றார் பெரிய டாக்டர். சொல்வதற்கு என்ன, வாய்தானே! அவள் எதற்காவது ஆசைப்பட்டால்தானே கொடுக்க முடியும்? கஞ்சி, சூப், பழச்சாறு என்று எதைக் கொண்டுபோனாலும் அப்படியே திரும்பி வந்தது. மருந்துகள் புண்ணியத்தில் அவள் வாயெல்லாம் புண். "சூடா எதையும் குடுத்துடாதீங்க, நல்லா ஆற வெச்சுக் குடுங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் தண்ணீரைக்கூட ஒரு சொட்டு என் கையில் விட்டுப் பார்த்த பிறகுதான் அவள் வாயருகே கொண்டுபோனேன்.

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் குழந்தை இல்லை. அவளுக்குக் கல்யாணம் அமையவில்லை. அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவள் என் வீட்டிலேயே இருந்தாள். என் வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர் செய்கிறவர்; அவளை அவர் மச்சினி என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை, 'பாப்பா'தான். நாற்பது வயதைத் தாண்டிய பாப்பா. அவள் தொண்டைக்குள் ஒரு வாய் உணவு இறங்காதா என்று நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். டாக்டர் சொன்னதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் அவள் பட்டினியாகப் போகக் கூடாது. அதை மட்டும் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

ஒரு நாள் காலையில் போர்வையை மாற்றிக்கொண்டிருந்தபோது அவளாகவே கேட்டாள்.

"அக்கா, எங்க ஹோட்டல் குக்கீ ஒண்ணு கிடைக்குமா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அவள் பெரிய ஹோட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்தவள். அங்கே தங்க வருகிறவர்களுக்கு அறைச் சாவியோடு ஒரு சாக்லேட் சிப் குக்கீயைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். மேசைக்கு அடியில் அதற்கென்றே ஒரு பெட்டி இருக்குமாம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் எங்கள் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று அதையெல்லாம் நடித்துக் காட்டுவாள். "முதல்ல சாவி. அப்புறம் கவர். அப்புறம் சிரிப்பு. குடுத்து முடிச்சதும் மூஞ்சிய மாத்திடக் கூடாது. அவங்க லிஃப்டுக்குள்ள போய்க் கதவு மூடுற வரைக்கும் சிரிச்சுட்டே நிக்கணும். ஏன்னா நிறைய பேரு ஒரு தடவ திரும்பிப் பார்ப்பாங்க."

"கன்னம் வலிக்காதா?" என்று கேட்டேன்.

"உனக்கு வலிக்கும். பழக்கம் இல்லல்ல!"

வீட்டில் எனக்குக் 'கடுகு' என்று பெயர். எதற்கெடுத்தாலும் வெடிப்பேன் என்று சின்ன வயதில் அவள் வைத்தது. என் வீட்டுக்காரர் அதை மட்டும் மறக்காமல் பிடித்துக்கொண்டார்.

அவர் அன்றைக்கே பட்டறையைப் பூட்டிவிட்டு அந்த ஹோட்டலுக்குப் போனார். முதலாளி மாறிவிட்டாராம். இப்போது குக்கீயெல்லாம் கிடையாது, ஒரு பாட்டில் தண்ணீர்தான். அதோடு திரும்பாமல், அங்கே முன்பு வேலை பார்த்த பேக்கரி மாஸ்டரின் போன் நம்பரை வாசல் காவலாளியிடம் கெஞ்சி வாங்கி வந்தார். மாஸ்டர் நல்ல மனிதர். தங்கைக்கு உடம்பு சரியில்லை என்றதும் அவர் குரலே மாறிவிட்டது. வெண்ணெயை உருக்கக் கூடாது, இளக விட வேண்டும். ஓட்ஸைப் பொடித்துப் போட வேண்டும். எலுமிச்சைச் சாறு சில துளி. வால்நட்டை உடைத்துச் சேர்க்க வேண்டும். பிசைந்த மாவை உருண்டை பிடித்து ஃப்ரிட்ஜில் வைத்த பிறகே சுட வேண்டும். நடுவில் வேகாத மாதிரி தெரியும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், மிச்சம் தட்டின் சூட்டிலேயே வெந்துவிடும். நான் எல்லாவற்றுக்கும் உம் கொட்டினேன்.

உம் கொட்டியதோடு சரி. வேகாததை நோயாளிக்குக் கொடுப்பதா என்று பயந்து, முதல் தடவை நன்றாகச் சிவக்க விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"இத வண்டி டயருக்கு முட்டுக் குடுக்கலாம். சரிவுல நிறுத்தினாக்கூட நகராது."

அடுத்த தடவை மாவை ஃப்ரிட்ஜில் வைக்கப் பொறுமை இல்லாமல் அப்படியே ஓவனுக்குள் தள்ளினேன். எல்லாம் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தட்டு முழுக்க ஒரே குக்கீயாக வந்தது. அதையும் அவர்தான் தின்று தீர்த்தார். அதற்குப் பிறகு எனக்குப் பிடிபட்டது. ஓரம் மொறுமொறுப்பாக, நடுவில் மெத்தென்று, உடைத்தால் சாக்லேட் இழுபட, வீடே மணக்க வந்தது. என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது.

கம்பித் தட்டில் வைத்து நன்றாக ஆறவிட்டேன். புறங்கையால் தொட்டுப் பார்த்தேன், சூடு கொஞ்சமும் இல்லை. எங்களிடம் இருந்ததிலேயே நல்ல தட்டில் ஒன்றை வைத்து அவளிடம் கொண்டுபோனேன்.

அவள் அதைக் கடிக்கவில்லை. உள்ளங்கையில் வைத்து விரல்களை மெதுவாக மடக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தாள்.

"இது இல்லக்கா."

நான் விடுவேனா? சர்க்கரையைக் குறைத்தேன். வால்நட்டைக் கூட்டினேன். மாஸ்டருக்கு மறுபடியும் போன் போட்டு அவர் உயிரை வாங்கினேன். தைக்க வந்த துணிகள் கடையில் குவிந்துகிடந்தன. கேட்டு வந்தவர்களிடம் வள்ளென்று விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் பார்த்துப் பார்த்து ஆறவைத்துக் கொண்டுபோவேன். ஒவ்வொரு தடவையும் அவள் கையில் வாங்குவாள், விரலை மடக்குவாள், தலையை ஆட்டுவாள். "இது இல்லக்கா." கையில் வாங்கும்போது மட்டும் அவள் முகத்தில் ஒரு ஆசை வந்து போகும். அதைப் பார்ப்பதற்குத்தான் எனக்குத் தெம்பு இல்லை. சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கைப்பிடித் துணியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு அழுதேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் சுட்டு, ஆறவைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் மணிக்கட்டு அதற்குள் என் கத்தரிக்கோல் பிடி அளவுக்கு மெலிந்திருந்தது. வாங்கினாள். தலையை ஆட்டினாள்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது, வெடித்துவிட்டேன்.

"இல்ல, இல்லன்னா என்னடி அர்த்தம்? ஒரு கடி கடிச்சுப் பார்த்துட்டாவது சொல்லேன்! அப்படி என்னதான்டி இருக்கும் அதுல? இனிப்பு கம்மியா, ஜாஸ்தியா? வாயத் திறந்து சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

சாகப்போகிறவளிடம் கத்துகிறோம் என்று பாதியிலேயே தெரிந்தது. ஆனால் நிறுத்த முடியவில்லை.

அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி இருந்தாள்.

"எனக்குத் தெரியாதுக்கா. நான் அத சாப்பிட்டதே இல்ல."

"என்னது?"

"அது தங்க வர்றவங்களுக்கு. நாங்க தொடக் கூடாது. மாஸ்டர் ஒண்ணு ரெண்டு தடவ ஒளிச்சுக் குடுத்தாரு. நான்தான் வேணாம்னுட்டேன். இத்தன வருஷமா குடுத்துட்டே இருந்தேனே தவிர, ஒண்ணுகூட வாயில வெச்சதில்ல."

"பின்ன எப்படிடி எல்லாத்தையும் இது இல்ல, இது இல்லன்னு சொன்ன?"

"கையில வாங்கினாலே தெரியுமே. அது சூடா இருக்கும். அந்தப் பெட்டி எப்பவும் கதகதன்னு இருக்கும். கவர எடுத்தா உள்ளங்கைக்கு இதமா, லேசா வளையும். நீ குடுக்கறது ஜில்லுனு இருக்குக்கா."

நான் அவள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். இத்தனை நாளாக ஆறட்டும் ஆறட்டும் என்று காத்திருந்து, அவள் ஆசைப்பட்ட ஒன்றே ஒன்றை நானே பார்த்துப் பார்த்து எடுத்துவிட்டுக் கொடுத்திருக்கிறேன். யாரை நொந்துகொள்வது?

"சும்மா சாப்பிடணும்னு கேக்கலக்கா" என்றாள். "எவ்வளவோ பேருக்குக் குடுத்தேன். எனக்கு ஒருத்தர் அப்படிக் குடுத்தா எப்படி இருக்கும்னு பாக்கணும். அவ்வளவுதான்."

எழுந்துபோனேன். ஃப்ரிட்ஜில் மாவு உருண்டைகள் மிச்சம் இருந்தன. ஓவனை மறுபடியும் சூடாக்கினேன். முகம் கழுவி, தலையைப் பின்னிக்கொண்டு, நல்ல சேலை ஒன்றைக் கட்டினேன். என் வீட்டுக்காரர் கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். கடையில் பட்டன் போட்டு வைக்கும் காகிதக் கவர்களில் புதிதாக ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து தந்தார். சொல்லாமலே சாப்பாட்டு மேசையையும் அவள் கட்டிலுக்கு முன்னால் இழுத்துப் போட்டார். அவளைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்.

நான் மேசைக்குப் பின்னால் நின்றேன். வாசல் சாவியை எடுத்து நீட்டினேன்.

"வணக்கம், வாங்க. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துச்சா?"

"ரொம்ப அலைச்சல்" என்றாள் அவள்.

"நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க ரூம் தயாரா இருக்கு." ஓவனிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரமே ஆன குக்கீயைக் கவரில் போட்டு அவள் கையில் வைத்தேன். கவரின் அடியில் வெண்ணெய் கசிந்திருந்தது. வாய்ப்புண்ணை நினைத்து என் கை ஒரு கணம் பின்வாங்கியது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு வைத்துவிட்டேன்.

"சிரிக்கணும்க்கா."

சிரித்தேன். என் முகத்துக்கு எப்படி வந்ததோ, வந்தது.

அவள் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு நகத்தளவு பிய்த்து வாயில் வைத்தாள். புண்ணில் பட்டிருக்க வேண்டும், கண்ணில் நீர் வந்தது, ஆனாலும் துப்பவில்லை. ரொம்ப நேரம் மென்றாள். தொண்டையில் அது இறங்கியதை நான் பார்த்தேன்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "மிச்சத்த ரூம்ல போய் சாப்பிட்டுக்கறேன். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

கவரைக் கையிலிருந்து விடாமல் சுவர்ப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். மூச்சு மெல்ல ஏறி இறங்கியது. நான் மேசைக்குப் பின்னால் அப்படியே நின்றேன். கன்னம் வலித்தது. கண்ணீர் வழிந்து வாய்க்குள் போனது. என் வீட்டுக்காரர் வந்து என் தோளைத் தொட்டார்.

"தூங்கிட்டா. போதும்மா, வா."

"சும்மா இருங்க" என்றேன். "ஒரு தடவ திரும்பிப் பார்ப்பா."