சும்மா கிடக்கிற அறை

"நம்ம ஓட்டாலதான் தீர்மானம் பாஸாச்சு, கோமதி" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் ரசத்துக்காகச் சோற்றில் குழி செய்தார்.

ஐம்பத்தொன்பதாம் வருஷம், ஆனி மாசம். வெளியே சாரல் விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கமிட்டியில் அவருக்கு ஒரு நாற்காலி கிடைத்ததிலிருந்து, அரிசிக்கடை பால்வண்ணநாதனாக இருந்த மனுஷர் மெம்பர் பால்வண்ணநாதன் ஆகிவிட்டார். கூட்டம் முடிந்து வருகிற நாளில் ரசத்தில் உப்பே போடாவிட்டாலும் அவருக்குத் தெரியாது.

"என்ன தீர்மானம்?" என்றேன்.

"குத்தாலத்துக் காசநோய் வார்டை மூடப் போறோம். எட்டுக் கட்டில வச்சுக்கிட்டு எட்டுப் பேரைத்தான பாக்க முடியுது? புது டாக்டர் ஞானதுரை கணக்குப் போட்டுக் காட்டுனாரு. ஒரு கட்டிலுக்கு ஆகுத செலவுல பத்து வீட்டுக்கு மாத்திரை குடுக்கலாமாம். நோயாளிய அவங்கவங்க வீட்டுலயே வச்சுப் பாக்கணும். மதராஸ்ல செஞ்சு பாத்துட்டாங்க, ரெண்டுலயும் குணம் ஒண்ணுபோலத்தான் ஆகுதாம். சேர்மன் வல்லிநாயகம் அண்ணாச்சிக்கு வேற கணக்கு. லாட்ஜ் வச்சிருக்காருல்லா, வார்டு போனா சீசனுக்கு வாரவன் பயப்பட மாட்டான். மத்தவங்க இழுத்தாங்க. கடைசியில நான்தான் கையத் தூக்குனேன்."

நான் ரசக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அப்ப சொக்கம்மா எங்கன வருவா?"

இலையில் போன கை அப்படியே நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷருக்கு அந்த நிமிஷம் வரைக்கும் அது தோன்றவே இல்லை.

சொக்கம்மாள் அவருடைய தம்பி பெண்டாட்டி. தம்பி குத்தாலிங்கம் கொல்லத்தில் முந்திரிக் கம்பெனியில் கணக்கெழுதுகிறான், லீவு கிடைத்தால் ரயிலேறி வருவான். பங்குனியில் இவள் வாயிலிருந்து ரத்தம் வந்தபோது அந்த எட்டுக் கட்டிலில் ஒன்றைப் பிடித்துக் கொடுத்ததே என் வீட்டுக்காரர்தான். அவளுக்கு அப்பா அம்மா இல்லை. பாவூர்சத்திரத்தில் ஓர் அண்ணன் இருக்கிறான். அவன் பெண்டாட்டி இவளை வாசலோடு நிறுத்தித் திருப்பி அனுப்பிவிடுவாள். வார்டை மூடினால் அவளுக்கு இருப்பது எங்கள் வீடு ஒன்றுதான்.

"வீடுன்னா... நம்ம வீட்டுக்கா?" என்றார்.

"பின்ன? டாக்டர் சொன்ன வீடு ஆகாசத்துலயா இருக்கு?"

மடியில் பேராச்சி கிடந்தாள். எட்டு மாசக் குழந்தை, இன்னும் பால்குடி மறக்கவில்லை. அவளுக்கு முன்னால் ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள் நான். சொக்கம்மாள்மேல் எனக்குப் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் அவள் இருமுகிற காற்றை என் பிள்ளை குடிப்பதை என்னால் நினைத்தும் பார்க்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்துவிட்டது.

"அட, பின்கட்டு அறை சும்மாதான கெடக்கு! அங்கன படுக்கட்டும். நீ ஒண்ணுக்கும் பயப்படாத" என்று சொல்லி, மிச்சச் சோற்றைப் பிசைந்து நிம்மதியாகச் சாப்பிட்டார்.

அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த என் மாமியார் உலகம்மாள் என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? சும்மா கிடக்கிறதாம்! அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த மனுஷர், தன் வீட்டில் எது சும்மா கிடக்கிறது என்று தெரியாமல் கமிட்டியில் போய்க் கையைத் தூக்கியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு ரசச் சட்டியை எடுத்து அவர் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் டாக்டரே வந்துவிட்டார். நாசரேத்துக்காரர், சின்ன வயசு. குடை பிடித்தும் கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. முன்னறை பெஞ்சில் உட்கார்ந்து, வார்டை மூடுவதற்கு முன்னால் ஒவ்வொரு நோயாளியின் வீட்டையும் பார்த்து வருவதாகச் சொன்னார். தண்ணீர் எங்கே, சமையல் யார், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். நான் பிள்ளையோடு கதவோரம் நின்றிருந்தேன்.

"படுக்கத் தனி அறை இருக்கா அண்ணாச்சி?"

"இருக்கு டாக்டர். பின்கட்டுல சும்மா கெடக்கு."

"ரொம்ப நல்லது. முக்காவாசி வீட்டுல இப்பிடி ஒரு அறை இருக்கு. நான்கூட இவ்வளவு வசதியிருக்கும்னு நெனைக்கல" என்று டாக்டர் சந்தோஷமாக எழுதிக்கொண்டார். "வாங்க, காத்தோட்டம் எப்பிடின்னு ஒரு பார்வை பாத்துருவோம்."

இருவரும் எழுந்தார்கள். மாமியார் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"அங்கன ஆம்பளைகளுக்கு என்ன சோலி?"

"அம்மா, சும்மா இருங்க. டாக்டர் பாக்கணும்லா?"

"பாக்க வேண்டாம்லே. சொன்னாக் கேளு."

"ஏன்?"

மாமியார் வாயைத் திறந்தாள், மூடினாள், புடவைத் தலைப்பைப் பிசைந்தாள். அந்நிய ஆண்பிள்ளை முன்னால் அதைச் சொல்லி எங்கள் தெருவில் எவளுக்கும் பழக்கமில்லை. எனக்கும்தான். இன்னும் ஒரு நொடி விட்டால் டாக்டர் அந்த அறையைப் பார்த்துவிட்டு 'சரி' என்று எழுதிவிடுவார். சொக்கம்மாளை வண்டியேற்றிவிடுவார்கள். பேராச்சி என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"டாக்டரய்யா, அந்த அறை சும்மா கெடக்கல" என்றேன்.

"ஏட்டி, உள்ள போ" என்றார் என் வீட்டுக்காரர்.

"போவ மாட்டேன். வீட்டுக்குத் தூரமானா நாங்க மூணு நாளும் அங்கனதான் கெடக்கோம். பால் குடிக்குத பிள்ளையும் எங்ககூடத்தான் கெடக்கும், வேற யாரும் தொட மாட்டாங்க. சன்னல் கிடையாது, அந்தப் பக்கம் மாட்டுத் தொழுவம். நாளைக்கு சொக்கம்மாளும் நானும் இந்தப் பச்சப்புள்ளயும் ஒரே அறையில கதவச் சாத்திக்கிட்டுப் படுக்கணுமா? அதையும் எழுதிக்கிடுங்க!"

"ஐயோ, மானம் போச்சே" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் முகம் கறுத்துவிட்டது. டாக்டருக்குக் காதுமடல் சிவந்தது. பேனாவை மூடி, மறுபடி திறந்து, மெல்ல பெஞ்சில் உட்கார்ந்தார்.

"எல்லா வீட்டுலயும் இப்பிடித்தானாம்மா?"

"எங்க தெரு பூரா இப்பிடித்தான். இலஞ்சியில என் அம்மா வீட்டுலயும் இப்பிடித்தான். நீங்க எங்கெல்லாம் தனி அறை உண்டுன்னு எழுதுனீங்களோ, அங்கெல்லாம் மறுபடி போயிப் பொம்பளையளக் கேளுங்க."

"நான் ஆம்பளைங்ககிட்ட மட்டுந்தான் கேட்டேன்" என்றார் டாக்டர். அவர் குரல் இறங்கிவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "விடுங்க டாக்டர். இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. சேர்மனைப் பாத்து என் ஓட்ட மாத்திக்கிடுதேன். வார்டு பாட்டுக்கு இருக்கட்டும், சொக்கம்மா அங்கனயே இருந்து குணமாகட்டும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், அந்த மனுஷர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் பறந்துவிட்டது.

"மாத்தலாம் அண்ணாச்சி. உங்க இஷ்டம்" என்றார் டாக்டர். "பாவூர்சத்திரம் மார்க்கெட்ல மூட்டை தூக்குத மசூதுன்னு ஒருத்தர். அவர் சம்சாரம் ரஹ்மத். கட்டில் இல்லன்னு வார்டு வாசல்ல இருந்து நானே திருப்பி அனுப்பியிருக்கேன். அவங்க வீட்டுல இருக்கதே ஒரு அறை. மருந்து ஒண்ணும் இல்லாம, பிள்ளைங்க நடுவுலதான் படுத்துருக்கா. கைப்பிள்ளை ஒண்ணு வேற இருக்கு. இவங்களைப் போல வெளிய எத்தனையோ பேரு. வார்டு இருக்கத வரைக்கும் இவங்களுக்கு மாத்திரை வாங்கப் பணம் இல்ல."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். எனக்கு அவர்மேல் ஆத்திரம் வந்தது. முகம் தெரியாத அந்த ரஹ்மத்மேலும் வந்தது. என் பிள்ளைக்காக நான் பயப்படும்போது அவள் பிள்ளையை எதற்கு என் முன்னால் கொண்டுவந்து போடுகிறார்? ஆனால் போட்டாயிற்று. இனி காணாததுபோல் இருக்க முடியாது.

"மாத்திரை சாப்பிட்டா பிள்ளைக்கு ஒட்டாதா?" என்று கேட்டேன்.

"ஒட்டவே ஒட்டாதுன்னு நான் சொல்ல மாட்டேம்மா. சொக்கம்மாளுக்குச் சளியில கிருமி குறைஞ்சிருக்கு, இன்னும் போகல. மருந்த விடாமச் சாப்பிட்டு, இருமும்போது வாயப் பொத்திக்கிட்டு, காத்தும் வெளிச்சமுமா இருந்தா பயம் ரொம்பக் குறைவு. பிள்ளைக்கு பி.சி.ஜி. ஊசி போட நான் ஏற்பாடு பண்ணுதேன்."

பூசி மெழுகாமல் சொன்னார். அந்த மனுஷரிடம் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நான் பேராச்சியைப் பார்த்தேன். அவள் டாக்டரின் குடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு மாற வேண்டாம்" என்றேன். "அறை மாறட்டும்."

"எந்த அறை?" என்றார் என் வீட்டுக்காரர்.

"இந்த அறை. தெருவப் பாத்து ரெண்டு சன்னல் இருக்கு. காத்து வரும், வெயில் வரும். நடுவுல பட்டாசல் கூடம் இருக்கு, நானும் பிள்ளையும் அதுக்கு அந்தப் பக்கம் இருந்துக்கிடுவோம்."

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? நாலு பேரு வந்து போற எடம் இது! தெருவுல போறவன் சன்னல் வழியாப் பாப்பான். காசக்காரி வீடும்பான். கடைக்கு எவன் வருவான்?"

"வீட்டுல வச்சுப் பாக்கணும்னு கையத் தூக்குனது நீங்க. அப்ப எவன் வீடுன்னு நெனச்சீங்க? கட்டில் செலவு மிச்சம்னு கமிட்டியில சொல்லிட்டீங்க. அது எங்க மிச்சமாச்சு? பாத்திரம் தனி, துணி தனி, வென்னீர் தனின்னு எங்க தலையில வந்துல்லா விடிஞ்சிருக்கு! அத நான் பாத்துக்கிடுதேன். அறைய நீங்க குடுங்க. மெம்பர்மாரு வந்தா பின்கட்டுல வச்சுப் பேசுங்க. அதுதான் சும்மா கெடக்குன்னு சொன்னீங்களே."

அவர் ஓரடி முன்னால் வந்தார். என்னை அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். அதுவரை ஒரு நாளும் அடித்தவரில்லை. டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேசியது மாமியார்தான்.

"ஒன்னையும் ஒந்தம்பியையும் அந்த இருட்டறையில வச்சுத்தாம்லே பால் குடுத்தேன். தேள் கடிச்சு விடிய விடியக் கெடந்துருக்கேன். ஒங்கய்யா எட்டிப் பாக்கல." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெஞ்சத் தூக்குலே."

அவர் தூக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். ஆனால் மத்தியானம் கடை ஆட்கள் வந்து பெஞ்சையும் மேஜையையும் பின்கட்டுக்குத் தூக்கிப் போனார்கள். கமிட்டிக்காரர்களோடு எடுத்த போட்டோவை மட்டும் அவரே வந்து கழற்றினார்.

டாக்டர் அதற்குப் பிறகு இன்னொரு வேலை செய்தார். எழுதியதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு நர்ஸம்மாவோடு மறுபடியும் வீடு வீடாகப் போனார். போக இடமில்லாத பெண்களுக்காக வார்டில் இரண்டு கட்டிலை வைத்துக்கொண்டு மற்றதை மூடலாம் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டார். என் வீட்டுக்காரர் அதற்கும் கையைத் தூக்கியிருக்கிறார். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை, டாக்டர் சொன்னார்.

அந்தக் கட்டில் இரண்டும் சொக்கம்மாளுக்கு இல்லை. அவளுக்குத்தான் வீடு இருக்கிறதே.

அவள் வந்த அன்றும் சாரல். குதிரைவண்டி வாசலில் நின்றதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது, பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது. சொக்கம்மாள் இறங்கினாள். ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல், துணிமூட்டையை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் திரும்பினாள்.

"எங்கட்டி போற?" என்றேன்.

"பின்கட்டுக்குத்தானக்கா."

"இங்கன வா. இதுதான் ஒன் அறை."

அவள் நம்பவில்லை. முன்னறைச் சன்னலைப் பார்த்தாள், என் இடுப்பில் இருந்த பேராச்சியைப் பார்த்தாள், இரண்டடி பின்னால் போனாள்.

"வேண்டாம்க்கா. பிள்ள இருக்காளே."

"ஏறி வாட்டி. நனையாத."

நான் நடையை விட்டு ஒதுங்கி வழிவிட்டேன். அப்படி ஒதுங்கும்போது, என் கை தன்னால் பேராச்சியின் முகத்தை என் தோளுக்குள் திருப்பிக்கொண்டது. சொக்கம்மாள் அதைப் பார்த்துவிட்டாள். பார்த்துவிட்டு, வாயை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கியபடி என்னைத் தாண்டி உள்ளே போனாள்.