பெயர் விட்டுப்போன ஊர்

மிரெல்லா அப்பாவின் முதுகுக்குப் பின்னால் இன்னொரு தலையணையைத் திணித்து, ரொட்டி வெட்டும் பலகையை அவர் மடிமேல் வைத்தாள். பலகைமேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்தாள்.

"ஏம்ப்பா இந்தப் பாடு? நான் வாயால வழி சொல்லிட மாட்டேனா?"

"நீ சொன்னா ரோம் போய்ச் சேருவாங்க," என்றார் நேவியோ. அதைச் சொல்லவே அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. "பென்சிலைக் குடு."

கீழே டென்மார்க்கிலிருந்து வந்திருந்த கிர்ஸ்தெனும் அவள் கணவன் ஹென்ரிக்கும் காலைச் சாப்பாடு முடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். பண்ணையில் தங்க வருகிற யாரையும் நேவியோ வெறுங்கையோடு வெளியே அனுப்பியதில்லை. முப்பத்தொரு வருடமாக ஒவ்வொருவருக்கும் புதிதாக ஒரு வரைபடம் வரைந்து கொடுப்பார். கடலுக்கு மூன்று அலைக்கோடு. பைன் காட்டுக்குக் குடைகுடையாக மரங்கள். பூங்காவின் வாசலில் நீளக் கொம்பு வைத்த ஒரு மாடு. பார்க்க வேண்டிய ஊர் ஒவ்வொன்றுக்கும் சின்ன வட்டம், பக்கத்தில் பெயர், பெயருக்குக் கீழே ஒரு எச்சரிக்கை: 'இங்கே ஒரு மணிக்கு மேல் போனால் சாப்பாடு கிடையாது.' 'இங்கே பாதிரியாரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள், விடமாட்டார்.'

கிழக்குப் பக்கம் மட்டும் எப்போதும் வெறுமையாக இருக்கும். பத்துக் கிலோமீட்டரில் மோந்தேசெர்ரா இருக்கிறது, அவர் பிறந்த ஊர். அது அந்த வரைபடங்களில் ஒரு தடவைகூட வந்ததில்லை.

அன்று வரைந்து முடிக்க அரைமணி நேரம் ஆனது. மாட்டுக்கு ஒரு கொம்புதான் வந்தது. மிரெல்லா தாளைச் சரியாகக்கூடப் பார்க்காமல் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர்களை அனுப்பிவிட்டு, அவர்கள் அறையில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். ஒரே ஒரு தடவைதான். குரலை உயர்த்தவும் இல்லை. மிரெல்லாவுக்கு அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது, அப்பா போய்விட்டார். கையிலிருந்த விரிப்போடு மேலே ஓடினாள். மணி பதினொன்று.

மருத்துவர் வந்து இறப்புச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அசுந்தா அழவில்லை. சாவு வீட்டு வழக்கப்படி கூடத்துக் கண்ணாடியை மேசைத்துணியால் மூடினாள். கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டாள். திருமணங்களுக்கு மட்டும் நேவியோ போட்டுக்கொள்ளும் காலணிகளை எடுத்து, சமையலறையில் உட்கார்ந்து பாலிஷ் போட ஆரம்பித்தாள். ஏற்கெனவே பளபளவென்று இருந்தவைதான். ஆனாலும் விடாமல் தேய்த்தாள்.

சவப்பெட்டிக் கடை செசாரே வந்தார். அடக்கம் நாளைக் காலை பத்து மணிக்கு என்று முடிவானது. அடுத்து போஸ்டர். கறுப்புக் கரை போட்டு, செத்தவர் பெயரும் பூசை நேரமும் துக்கப்படுகிறவர்கள் பெயரும் அச்சடித்து, ஊர் ஊராகச் சுவரில் ஒட்டுவது. அந்தப் பக்கத்தில் அது ஒட்டப்படும்வரை ஒரு மனுஷன் முழுதாகச் செத்ததாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. போஸ்டரில் பெயர் இருப்பவர்கள் மாதா கோயிலில் முதல் வரிசை பெஞ்சில் உட்காருவார்கள். பெயர் இல்லாதவர்கள் ஊர்க்காரர்களோடு பின்னால் நிற்க வேண்டியதுதான்.

"நாலு மணிக்குள்ள பேரெல்லாம் சொல்லிட்டா, சாயங்காலமே ஒட்டிடலாம்," என்றார் செசாரே.

"மனைவி அசுந்தா, மகள் மிரெல்லா," என்றாள் அம்மா. "அவ்வளவுதான்."

செசாரே எழுதாமல் பேனாவை உருட்டினார். "அப்புறம்... தம்பி?"

"எந்தத் தம்பி?"

அவர் மிரெல்லாவைப் பார்த்தார். மிரெல்லா காலணிகளைப் பார்த்தாள்.

"நாலு மணி வரைக்கும் கடையிலதான் இருப்பேன். எதுக்கும் ஒரு போன் போடுங்க," என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முப்பத்தொரு வருடத்துக்கு முந்தைய கதை அது. அப்போது மிரெல்லாவுக்கு ஏழு வயது. தொழுவத்தை அறைகளாக்கி, முதல்முதலாக விருந்தாளிகள் வந்த கோடை அது. நேவியோவின் தாய் மோந்தேசெர்ராவில் தம்பி ஒரேஸ்தேயின் வீட்டில் படுக்கையில் கிடந்தாள். இதோ வருகிறேன், இவர்களை அனுப்பிவிட்டு வருகிறேன் என்று நேவியோ மூன்று வாரத்தை ஓட்டிவிட்டார். போனபோது தாய் இல்லை. கோயில் சுவரில் போஸ்டர் ஈரமாக இருந்தது. புதிதாக எழுத்துக்கூட்டப் பழகியிருந்த மிரெல்லா சுவரில் எதைக் கண்டாலும் சத்தமாக வாசிப்பாள். அதையும் வாசித்தாள். 'மகன் ஒரேஸ்தே' என்பதோடு அது முடிந்துபோனது. "அப்பா பேரைக் காணோமே?" என்று அவள் கேட்டது அங்கே நின்றிருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. யாரோ இருமினார்கள். அப்பா தாயின் பூசையைக் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். அதன்பிறகு அந்த ஊர்ப் பக்கமே போகவில்லை.

நாம் வாய்க்குள் வாசித்திருந்தால் என்ன என்று மிரெல்லா இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஏழு வயதுப் பிள்ளையின் மேல் என்ன தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்து என்ன பிரயோசனம், உறுத்தல் போகவில்லை.

"அம்மா, சித்தப்பா பேரையும் போட்டுடலாம்."

"அன்னைக்கு உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்டி. ஊரே எங்களைப் பார்த்துச்சு. இன்னைக்கு அவனைப் பார்க்கட்டும்."

"அப்பா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?"

"அதுக்கப்புறம் முப்பத்தொரு வருஷமும் பக்கத்துல படுத்தவ நான். சொல்லணும்னு இருந்தா என்கிட்ட சொல்லியிருப்பார்."

 அப்பா உண்மையிலேயே எதுவும் சொல்லவில்லை. கடைசியாக அவர் வாயிலிருந்து வந்தது 'பென்சிலைக் குடு' என்பதுதான்.

மூன்றரைக்கு டென்மார்க்காரர்கள் திரும்பி வந்தார்கள். கிர்ஸ்தென் வாசலிலேயே சிரித்துக்கொண்டு, "மிரெல்லா, உங்க அப்பா எங்கே? அவருக்கு முத்தம் கொடுக்கணும்!" என்றாள். பிறகுதான் மூடின கண்ணாடியையும் அசுந்தாவின் கறுப்புச் சட்டையையும் பார்த்தாள். ஹென்ரிக் தொப்பியைக் கழற்றினான். அவர்களுக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில் துக்கத்துக்கான வார்த்தை இல்லைபோலும். அசுந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கிர்ஸ்தென் ஒரு காகிதப் பையை மேசைமேல் வைத்தாள்.

"இதை ஒருத்தர் கொடுத்தார். நாங்க கடலுக்குப் போனோம், பூங்காவுல மான் பார்த்தோம். அப்புறம் உங்க அப்பா போட்ட கடைசி ஊருக்குப் போனோம். பேர் எழுதாம விட்டிருந்தாரே, அந்த ஊர். காப்பிக்கடையில ஒரு பெரியவர் இந்தத் தாளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். யார் வரைஞ்சதுன்னு கேட்கவே இல்ல. 'கை இப்படியா நடுங்குது?'ன்னு மட்டும் கேட்டார். வீட்டுக்குப் போய் இதைப் பறிச்சுக்கிட்டு வந்தார்."

பையில் அத்திப்பழம். கறுப்பு, சின்னது, காம்பில் பால் காயவில்லை. அந்தச் சின்ன ஜாதி அத்தி, மாமியார் கடைசியாகக் கிடந்த ஒரேஸ்தே வீட்டுக் கொல்லையில் மட்டும்தான் உண்டு. அசுந்தாவுக்கு அது பார்த்தவுடன் தெரிந்தது.

மிரெல்லா தாளை வாங்கி மேசையில் விரித்தாள். கடல், குடை மரங்கள், ஒற்றைக் கொம்பு மாடு. கிழக்கே, எப்போதும் வெறுமையாக இருக்கும் இடத்துக்குள் ஒரு கோடு ஆடி ஆடிப் போய், ஒரு சின்ன வட்டத்தில் நின்றிருந்தது.

"கை நடுங்கி இழுத்துக்கிட்டுப் போயிருக்கு," என்றாள் அசுந்தா.

"கோடு நடுக்கத்துல போகும்மா. வட்டம் எப்படி வரும்?"

அசுந்தா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். விரலை வைத்து அந்தக் கோட்டின்மேல் வீட்டிலிருந்து வட்டம்வரை மெதுவாகப் போனாள். "என்கிட்ட சொல்றதுக்கென்ன, மனுஷா," என்றாள். அப்போதுதான் அவளுக்கு முதல்தடவையாக அழுகை வந்தது. மிரெல்லா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். சுவர்க்கடிகாரத்தில் நாலடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, அத்திப்பழங்களைக் குழாயடியில் கழுவினாள். திரும்பாமலே சொன்னாள்:

"போன் போடு. நம்ம பேர் எழுத்து எவ்வளவு பெரிசோ, அவன் பேரும் அதே அளவு. அதுக்கு மேல ஒரு புள்ளிகூடப் பெரிசு வேண்டாம்."

மற்ற ஊர்களுக்குச் செசாரே போனார். மோந்தேசெர்ராவுக்கு நானே போகிறேன் என்று சொல்லி, மிரெல்லா அவரிடமிருந்து பசை வாளியையும் தூரிகையையும் வாங்கிக்கொண்டாள். வெயில் சாயும் நேரத்தில் கோயில் சுவருக்கு எதிரே வண்டியை நிறுத்தினாள். அந்த ஊர் அவள் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னதாக இருந்தது. சுவருக்கு எதிரே கல் பெஞ்சில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அப்பாவின் காது, அப்பாவின் உட்காரும் விதம். மத்தியானத்திலிருந்தே அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் என்பது காலடியில் கிடந்த சிகரெட் துண்டுகளில் தெரிந்தது. அந்த நடுங்கிய கோட்டைப் பார்த்ததிலிருந்தே இந்தப் போஸ்டருக்காகத்தான் காத்திருக்கிறார் என்று மிரெல்லாவுக்குப் புரிந்தது. 

அவள் சுவரில் பசை தடவி, தாளை விரித்து ஒட்டினாள். அவர் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

"உயிர் எத்தனை மணிக்குப் போச்சு?"

"பதினொண்ணுக்கு, சித்தப்பா."

"வலியிருந்துச்சா?"

"இல்ல. மூச்சுதான்."

அவர் தலையை ஆட்டினார். "அன்னைக்கு நான் ஒரு கோபத்துல..." என்று ஆரம்பித்தார்.  கையை மட்டும் ஒருமாதிரி விரித்தார். பிறகு சுவரைக் காட்டி, "கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். நீ வாசி," என்றார். "நீதான் சத்தமா வாசிப்பியே."

அவர் சட்டைப் பையில் கண்ணாடி இருந்தது. மிரெல்லா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் சுவர்ப் பக்கம் திரும்பினாள். காப்பிக்கடை வாசலில் நாலைந்து பேர் பேச்சை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார்கள். அவள் அவர்களுக்கும் கேட்கும்படி வாசித்தாள். அப்பாவின் பெயர், வயது, பூசை நேரம். பிறகு, "மனைவி அசுந்தா. மகள் மிரெல்லா. தம்பி ஒரேஸ்தே."

"கடைசியை இன்னொரு தடவை."

"தம்பி ஒரேஸ்தே."

தாளின் கீழ் மூலை ஒன்று சரியாக ஒட்டாமல் காற்றில் படபடத்தது. அவர் அவள் கையிலிருந்த தூரிகையை வாங்கிப் பசையில் தோய்த்து, அந்த மூலையை ஒட்டினார். தூரிகையைத் திருப்பிக் கொடுத்த பிறகும், உள்ளங்கையை அங்கேயே அழுத்தி வைத்துக்கொண்டு நின்றார்.