சுணை இல்லாத வெண்டை

இந்தக் காலத்து ஆட்களுக்கு அதிகாரம் செய்யக்கூடத் தெரியவில்லை என்று கிழவர் அலுத்துக்கொள்வார். முன்பெல்லாம் விவசாய ஆபீசிலிருந்து வருகிறவன் இதை விதை, அதைத் தெளி என்று அதட்டிவிட்டுப் போவான். இவரும் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வார். இப்போது வரும் ஆராய்ச்சிக்காரப் பெண்ணோ, என்ன வேண்டும் என்று கேட்கிறாள்.

"மழை வேணும். கையில கொண்டாந்திருக்கியா?"

அவள் சிரித்துவிட்டு, வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்த அவர் மனைவியிடம் போய் அதையே கேட்டாள்.

"சுணை இல்லாத செடியா குடும்மா. அந்த முள்ளு முடி பட்டு ராத்திரியெல்லாம் கை அரிச்சுக் கொல்லுது."

மனைவிக்கு விரலிடுக்கெல்லாம் வெடித்துக் கிடந்தது. அடுத்த பட்டத்துக்கு வெண்டை வேண்டாம் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். அந்தத் துண்டு நிலத்தில் வேறு எதுவும் தேறாது. அதை விட்டால் இருவருக்கும் கூலி வேலைதான் கதி.

சுணை இல்லாத வெண்டையாம், அடுத்து குரைக்காத நாய் கேட்பாள் என்று கிழவர் கிண்டலடித்தார். ஆனால் அந்தப் பெண் விதையோடு வந்துவிட்டாள். காய்ப்பு குறைவென்று ஆராய்ச்சிப் பண்ணையில் ஒதுக்கிப் போட்ட ரகமாம். பறிக்கிற கையைப் பற்றி அங்கே யாரும் யோசித்ததில்லையாம். பழைய செடிகளுக்குப் பக்கத்திலேயே இரண்டு வரிசை போட்டார்கள்.

காய்ப்புக்கு வந்ததும் மனைவி அந்த வரிசைகளையே புகழ்ந்தாள். பொம்பளைகள் கூட்டுச் சேர்ந்து நடிக்கிறார்கள் என்றார் கிழவர். அவளை வீட்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டு, வெற்றுடம்போடு பழைய வரிசையில் தானே இறங்கினார். சுணை ஒட்டிய கையாலேயே கழுத்திலும் வயிற்றிலும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். வெயில் ஏறுவதற்குள், மோட்டார் ரூம் சுவரில் எருமை மாதிரி முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

மனைவி எண்ணெய் தடவிவிட்டாள். "பொம்பளைங்க நடிப்புன்னீங்களே. உங்களுக்கும் நடிக்க வருதுங்களே."

அவர் அடுத்த பறிப்பில் புது வரிசையில் இறங்கினார். அரிப்பே இல்லை. கூடைதான் நிறையவில்லை.

அந்தப் பெண் வந்து கேட்டபோது அதைத்தான் சொன்னார்.

"அப்போ வேண்டாமா, ஐயா?"

கிழவர் மனைவியின் கையைப் பார்த்தார். வெடிப்பு ஆறியிருந்தது.

"நிலம் பூராவும் இதையே போடறேன். இவ தொல்லை தாங்கல. அதுக்காக நல்ல ரகம்னு நான் சொன்னதா எங்கயும் சொல்லி வைக்காத. சுணை இல்லைன்னா பூச்சிக்குக் கொண்டாட்டம்."

காய்ப்பைக் கூட்ட முடியுமா என்று பார்ப்பதாக அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிழவர் நடையைக் கட்டினார். போகிற வழியில் இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பூச்சியும் இல்லை. எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வரப்பேறிப் போனார்.