மச்சானுக்கு இரண்டாவது கார்

"மச்சான், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"நீங்க சொன்னதக் கேட்டுத்தானே மாப்ள நடுரோட்டுல நின்னேன்!"

"அது அமெரிக்காக்காரன் வண்டி. இது சீனாக்காரன்..."

"விக்கிறது நீங்கதானே?"

மதுரை கே.கே. நகர் ஷோரூமே திரும்பிப் பார்த்தது. ஸ்ரீநாத் அங்கே கார் விற்பவன். கத்தியவர் அவன் மனைவியின் அண்ணன் சந்தானம், திருமங்கலத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். முன்பு ஸ்ரீநாத் அமெரிக்கக் கார் விற்றபோது அவனை நம்பி ஒன்று வாங்கினார். அந்தக் கம்பெனி இந்தியாவை விட்டே போய்விட்டது. ஸ்ரீநாத் சீன மின்சாரக் கார் விற்க வந்துவிட்டான். சந்தானத்தின் கார்தான் ஸ்டியரிங் பாகம் ஒன்று கிடைக்காமல் ஒத்தக்கடை மெக்கானிக்கிடம் கிடக்கிறது.

இன்றைக்குள் ஒரு புக்கிங்காவது வராவிட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று மேனேஜர் இம்மானுவேல் காலையில்தான் ஸ்ரீநாத்திடம் சொல்லியிருந்தார்.

"மச்சான், மேனேஜர் நிக்கிறாரு. வீட்டுல பேசுற மாதிரி சௌராஷ்டிரத்துல பேசுங்களேன்."

"எதுக்கு? தமிழ்லதான் பேசுவேன். எல்லாருக்கும் விளங்கட்டும். பேட்டரிக்கு எட்டு வருசம் வாரண்டியாம்! கம்பெனி எம்புட்டு வருசம் இருக்கும்? அதச் சொல்லுங்க."

"அமெரிக்காக்காரனையே ஓரங்கட்டுறவன் மச்சான் இவன். உலகம் பூரா..."

"ரெண்டு பேரும் அடிச்சுக்கிடட்டும். வண்டியத் தள்ளிக்கிட்டுப் போறது நானா?"

இம்மானுவேல் சிரித்தபடி வந்தார். "சார், நம்ம ஸ்ரீநாத்தே இந்த வண்டிய எடுக்கணும்னு துடிச்சுக்கிட்டிருக்காரு. என்ன ஸ்ரீநாத்?"

"ஆமா சார்."

அந்த 'ஆமா' மேனேஜருக்காகச் சொன்னது என்று சந்தானத்துக்குப் பட்டது. காரின் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையைத் தட்டி ஸ்ரீநாத்தையும் உட்கார வைத்தார். இம்மானுவேல் திறந்த கதவைப் பிடித்தபடி குனிந்து நின்றார், அதே சிரிப்போடு.

சந்தானம் வந்ததிலிருந்து முதல் முறையாக வீட்டு மொழிக்கு மாறினார். குரலும் தணிந்தது.

"இப்ப இவருக்கு விளங்காது மாப்ள, தைரியமாச் சொல்லுங்க. என் தங்கச்சியக் கூட்டிக்கிட்டு ஓட்டுறதுக்கு இந்த வண்டிய நீங்க வாங்குவீங்களா?"