இரண்டு விசில்

மூன்று நாளாக என் வீட்டுக்காரர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். வேனை ஓட்டியது என் தம்பி. பக்கத்து சீட்டில் இவர். ஒவ்வொரு வளைவிலும் இவருடைய வலது கால் தரையை ஓங்கி அழுத்தும்.

"மாமா, அங்க வெறும் தகரம்தான் இருக்கு. ஓட்டை போட்டுடாதீங்க" என்பான் தம்பி.

"நீ ரோட்டைப் பாரு மாப்ளே."

இருபத்திரண்டு வருடம் நகரப் பேருந்து ஓட்டிய மனிதர். அதுவும் ஒரே தடம், இருபத்தேழாம் நம்பர். டிப்போவில் அவருக்குப் பெயரே 'இருபத்தேழு'தான். அந்த வண்டியில் பன்னிரண்டு வருடம் நான் கண்டக்டர். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போகலாம். மூன்று என்பது எங்களுக்குள் மட்டும்: சுவர்ப் பக்கம் இன்னும் இடம் இருக்கிறது, ஒட்டி வா. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று அவர் கேட்டது கடைசி நிறுத்தத்தில், காலி வண்டியில். நான் பதிலுக்கு இரண்டு விசில் கொடுத்தேன்.

பிறகு டிக்கெட் கொடுக்க மெஷின் வந்தது. கண்டக்டர்களை இறக்கிவிட்டார்கள். நான் இப்போது மருத்துவமனை வரவேற்பு மேசையில் டோக்கன் எழுதுகிறேன். ஆனாலும் வீட்டில் சாப்பாடு தயாரானால் சுவரில் இரண்டு தட்டுவேன். எந்த மூலையில் இருந்தாலும் வந்து உட்கார்ந்துவிடுவார்.

ஆறு மாதத்துக்கு முன்னால் டிப்போவில் ரிவர்ஸ் எடுக்கும்போது தூணில் இடித்துவிட்டார். உடைந்தது ஒரு பின்விளக்குதான். ஆனால் இறங்கிப் பார்த்தால் தூணுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தூண் மட்டும் இல்லையென்றால்? அந்த நினைப்பிலேயே மனிதர் ஆடிப்போய்விட்டார். கொஞ்ச நாள் அலுவலக வேலை பார்க்கச் சொன்னார்கள். வருகிற திங்கட்கிழமை ஓட்டிக் காட்டினால் மறுபடி வண்டி கிடைக்கும்.

இந்தப் பயணத்துக்கு மூட்டை கட்டும்போதுதான் அவருடைய சட்டைப் பையில் அந்தக் கடிதத்தைப் பார்த்தேன். 'இனி எனக்கு ஓட்டுநர் பணி வேண்டாம்.' கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை தேதியும் எழுதியாகிவிட்டது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே சுக்குநூறாகக் கிழித்திருப்பேன். கிழித்தால் இன்னொன்று எழுதப் போகிறார். பழையபடி மடித்துப் பையிலேயே வைத்தேன். மலை, ஏரி, கடல் என்று இவ்வளவு தூரம் போகிறோமே, எங்காவது ஓரிடத்தில் ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கை பரபரக்காதா என்று ஒரு நப்பாசை.

பரபரக்கவில்லை. முதல் நாள் மலையில் தம்பி வேண்டுமென்றே கொட்டாவி விட்டான். "கண்ணைக் கட்டுது மாமா, நீங்க கொஞ்சம் எடுங்களேன்."

"டீ குடி, சரியாயிடும்."

இரண்டாம் நாள் ஏரிக்கரையில் கூடாரம் போட்டோம். முளைக்குச்சிகளை அவ்வளவு நேர்த்தியாக அடித்தார். எங்கள் பத்து வயதுப் பொடிசு அவரைப் படகுக்கு இழுத்தாள். ஏறி உட்கார்ந்தவர் துடுப்பைக் கையில் எடுத்து, உடனே கீழே வைத்தார். துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டுமாம். "பின்னாடி என்ன இருக்குன்னு தெரியாம எப்படிப் போறது?" என்று இறங்கிவிட்டார். பொடிசு சிரித்தாள்.

மூன்றாம் நாள் கடலோரச் சாலை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, மறுபக்கம் முழங்கால் உயரக் கல் வரிசை, அதற்குக் கீழே பொங்குகிற கடல். மதியம் ஒரு வளைவில் எங்களுக்கு முன்னால் போன சுற்றுலாப் பேருந்து நின்றுவிட்டது. வளைவு அவ்வளவு பெரிய வண்டிக்கு இடம் கொடுக்கவில்லை. முன்னால் போக வழியில்லை. பின்னால் வர வேண்டுமென்றால் இரண்டு வளைவு தாண்டி, அகலமான இடம் வரைக்கும் ரிவர்ஸ்தான். எங்களைப் போன்ற சின்ன வண்டிகளெல்லாம் அந்த இடத்துக்குப் பின்வாங்கிக்கொண்டன.

நாங்கள் நடந்து போய்ப் பார்த்தோம். நாற்பது பயணிகளும் சாலையில் நின்றார்கள். முறுக்கு மீசை வைத்த ஓட்டுநர் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சமதரையில எவ்வளவு வேணா ஓட்டுவேங்க. இது என்னால ஆகாது" என்றார்.

என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். பின்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து பார்த்தார். கல் வரிசைக்கும் பாறைக்கும் நடுவே அடி அடியாக அளந்தார். ஆறு மாதமாக நான் பார்க்காத முகம் அது. பிறகு என்னிடம் வந்து, யார் காதிலும் விழாத குரலில் கேட்டார்.

"நீ பின்னாடி நிக்கிறியா?"

அடப் பாவி மனுஷா! ஆறு மாதமாக மனதுக்குள் போட்டுப் புழுங்கியது இதைத்தானா? வண்டியின் மேல் பயமில்லை, பின்னால் யாரும் இல்லை என்பதுதான் பயமா?

"வேற யாரு நிப்பா? ஏறுங்க" என்றேன்.

அவர் ஏறும்போது தம்பி கத்தினான். "மாமா, இதுல நிஜமாவே பிரேக் இருக்கு!"

காட்டில் தொலைந்தால் ஊதுவதற்கென்று பொடிசின் பையில் ஒரு விசில் தொங்கும். அதைப் பிடுங்கிக்கொண்டு பின்னால் போய் நின்றேன். பன்னிரண்டு மீட்டர் வண்டி. பின்சக்கரத்துக்குப் பின்னாலேயே மூன்று மீட்டர் உடம்பு நீட்டிக்கொண்டிருக்கும். திரும்பும்போது சக்கரம் சாலையில் இருக்கும், உடம்பு கடலுக்கு மேல் போகும். பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விடும். நான் சக்கரத்தை மட்டும் பார்த்தேன்.

இரண்டு விசில். வண்டி அசைந்தது.

உடனே நாற்பது பேரும் நிபுணர்களாகிவிட்டார்கள். "லெஃப்ட்ல ஒடிங்க!" "வாங்க, வாங்க, வாங்க!" "ஐயோ, போச்சு!"

"எல்லாரும் வாயை மூடுங்க! இந்த வண்டிக்கு ஒரே ஒரு கண்டக்டர்தான்!" என்று கத்தினேன். கடல் மட்டும்தான் அதற்குப் பிறகும் சத்தம் போட்டது.

முதல் வளைவு வெண்ணெயாக வழுக்கி வந்தது. இரண்டாவதில் டயர் கல் வரிசையை உரசி, ஒரு கல் பெயர்ந்து கீழே போனது. ஒரு விசில் கொடுத்தேன். ஆணி அடித்த மாதிரி நின்றது வண்டி. அவர் தலையை வெளியே நீட்டினார். முகமெல்லாம் வியர்வை.

"எவ்வளவு இருக்கு?"

"விளிம்புக்கு ஒரு சாண்."

"பாறைப் பக்கம்?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். இரண்டு முழம் தாராளமாக இருந்தது. மூன்று விசில் ஊதினேன். அவர் இறங்கி வந்து பார்க்கவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் முன்னே எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்து, பாறையை ஒட்டிப் பின்னால் வந்தார். கடல் பக்கம் ஒரு முழம் இடைவெளி விழுந்தது. வளைவு முடிந்தது. இரண்டு விசில், மறுபடி இரண்டு, அகலமான இடம் வரைக்கும் இரண்டு இரண்டாக ஊதிக்கொண்டே போனேன். கடைசியில் ஒன்று.

கைதட்டல் பாறையில் மோதித் திரும்பியது. மீசைக்காரர் இவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். விசில் இன்னும் வாயில் இருந்ததால் அதுவும் சத்தமாகத்தான் வந்தது. பொடிசு விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுநாள் காலை கூடாரத்துக்கு வெளியே தம்பி எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"அக்கா, வேன் சாவியைப் பாத்தியா?"

வேனின் பானெட் திறந்திருந்தது. வண்டியைக் கையில் எடுக்கும் முன் எந்த டிரைவரும் செய்வதைத்தான் இவர் செய்துகொண்டிருந்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, துடைக்கத் துணி தேடினார். கிடைக்கவில்லை. சட்டைப் பையில் கை விட்டு, நாலாக மடித்த அந்தத் தாளை எடுத்தார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கம்பியை அதிலேயே துடைத்து, மறுபடி விட்டுப் பார்த்து, மறுபடி துடைத்து, கசக்கிக் குப்பைப் பையில் போட்டார்.

"ஆயில் கம்மியா இருக்கு. உன் தம்பி வண்டி வச்சிருக்கிற லட்சணம்!" என்றார் என்னிடம். பிறகு தம்பியைப் பார்த்து, "பின் சீட்டுக்குப் போ மாப்ளே."

வேன் கடலைப் பார்த்து நின்றிருந்தது. ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் காத்திருந்தார்.

நான் பின்னால் போய் நின்று இரண்டு விசில் கொடுத்தேன்.