கரும்பலகை தெரியவில்லை

“பதினொண்ணு இருபதுக்கு ஏன் சிரிச்சே?”

தட்டில் கை வைத்தபடியே கேட்டான் கணவன். கணக்கு டீச்சர் விழித்தாள். காலையில் வகுப்பில் சிரித்ததை அவளே மறந்துவிட்டிருந்தாள்.

“அந்த இயற்பியல் வாத்தியார் எதுக்கு உள்ளே வந்தான்?”

“காம்பஸ் வாங்க வந்தாரு.”

“காம்பஸ் வாங்க வந்தவன்கிட்ட பல்லைக் காட்டணுமா?”

“பாடம் நடத்துற இடத்துல சிரிப்பு எதுக்கும்மா?” என்று மாமியாரும் தன் பங்குக்கு ஒன்று போட்டாள்.

அவனுக்கும் அதே பள்ளியில்தான் வேலை. மாடியறையில் உட்கார்ந்து ஒரு கைப்பிடியை அசைத்தால், கீழே கணக்கு வகுப்பின் பின்சுவரில் இருக்கும் கேமரா கழுத்தைத் திருப்பும், கிட்டே இழுக்கும். கணக்கு ஆசிரியரே இல்லாத கிளைப் பள்ளிப் பிள்ளைகள் அதன் வழியாகத்தான் அவளிடம் படித்தார்கள். நல்ல ஏற்பாடுதான். குரங்கு கையில் பூமாலையாகப் போய்விட்டது.

அவள் முக்கோணம் வரைந்தால் கேமரா அவள் முதுகைப் பார்த்தது. அவள் நகர்ந்தால் நகர்ந்தது. ஒரு மாணவன் எழுந்து கேள்வி கேட்டாலும் அவளை விட்டு அசையவில்லை. “டீச்சர், போர்டு தெரியலை” என்று கிளைப் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் கெஞ்சுவார்கள். வீட்டில் கேட்டால், “லைன் சரியில்லை” என்பான். பின்னாலிருந்து அந்தக் ‘கிர்ர்’ சத்தம் கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுவிட்டு வந்த வீடு வகுப்புக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டால் மனுஷி எங்கேதான் போவது?

அரையாண்டுத் தேர்வில் கிளைப் பள்ளியின் முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் கணக்கில் கோட்டைவிட்டார்கள். தலைமையாசிரியர் இருவரையும் கூப்பிட்டார்.

“இங்கே எல்லாரும் பாஸ். அங்கே மட்டும் ஏம்மா இப்படி? அக்கறை இல்லாம நடத்துறீங்கன்னு புகார் வந்திருக்கு. இந்த மாசம் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளைப் போட்டுக்குவேன்.”

கணவன் பக்கத்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டான். வேலையை விடச் சொல்லி இரண்டு வருஷமாக நச்சரிப்பவன் அவன். பள்ளியே துரத்திவிட்டால், பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதானே!

“சார், ஏதாவது ஒரு வகுப்போட பதிவைப் போட்டுப் பாருங்க” என்றாள் அவள்.

போட்டார்கள். நாற்பது நிமிடமும் அவள் முகம், அவள் கழுத்து, அவள் கை. கரும்பலகையில் ஒரு வரிகூட முழுதாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியர் தொண்டையைச் செருமினார். “புருஷன் பொண்டாட்டி விவகாரத்தை வீட்டோட வச்சுக்கணும்மா. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரக் கூடாது.”

கொண்டுவந்தவன் பக்கத்து நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் கண்காணித்தால் அக்கறை. பெண்டாட்டி வாய் திறந்தால் விவகாரம். நல்ல நியாயம்! ஒரு மாதக் கெடு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் அவள் கரும்பலகைப் பக்கமே போகவில்லை. முதல் பெஞ்சுப் பெண்ணிடம் சாக்பீஸைக் கொடுத்தாள்.

“நான் சொல்லச் சொல்ல எழுதும்மா.”

சொல்லிவிட்டு நேரே பின்சுவருக்கு நடந்தாள். கேமரா கூடவே குனிந்து வந்தது. அவள் சுவரில் முதுகை ஒட்டி, அதற்கு நேர் கீழே நின்றுகொண்டாள். அதற்கு மேல் அதனால் குனிய முடியவில்லை.

கிர்ரென்று இடப்பக்கம் தேடியது. வலப்பக்கம் தேடியது. கதவைப் பார்த்தது, ஜன்னலைப் பார்த்தது. அவள் குரலை உயர்த்தித் தேற்றத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பார்க்க வேறு எதுவும் கிடைக்காமல் கடைசியில் அது கரும்பலகையில் போய் நின்றது.

ஒலிபெருக்கியில் கிளைப் பள்ளியிலிருந்து ஒரு பெண் பிள்ளை கத்தினாள்: “டீச்சர்! முக்கோணம் தெரியுது டீச்சர்!”

அன்று மாலை வீட்டில் அவன் தட்டைத் தள்ளிவிட்டான்.

“பீரியட் முழுக்க எங்கேடி போனே?”

“வகுப்புலதான் இருந்தேன். நாளைக்கும் அங்கேதான் இருப்பேன்” என்றவள், தன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டாள்.