ஒரே சட்டியில் செவ்வாய்க்கிழமை

பத்து காவான் தொழிற்பேட்டையிலிருந்து வரும் தொழிற்சாலைப் பேருந்து, கெலுகோர் அடுக்குமாடி வீடுகளின் எதிரே துளசியை இறக்கிவிட்டபோது நன்றாக இருட்டியிருந்தது. காலையில் இருட்டோடு கிளம்பியவள் இருட்டோடு திரும்பினாள். இடையில் கழிந்த பகல் வெயிலா மழையா என்று யாரேனும் கேட்டால் அவளால் சொல்ல இயலாது. அவள் வேலை செய்யும் கூடத்திற்குச் சன்னல்கள் இல்லை. முழங்காலுக்குக் கீழே இருப்பவை தன்னுடைய கால்கள்தாமா என்னும் ஐயத்துடன் மின்தூக்கிக்குள் நுழைந்து, சுவரில் சாய்ந்துகொண்டாள்.

ஆயினும் இன்று அவள் சமைத்தே ஆக வேண்டும்.

அவளுடைய கணவர் ஜெயராஜ், பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நிரந்தரமாக இரவு வேலை பார்ப்பவர். மகள் காமினி சிறுகுழந்தையாய் இருந்தபோது, பகலில் யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று தொடங்கிய ஏற்பாடு அது. குழந்தை வளர்ந்து, பதினாறு வயதில் பள்ளியின் நான்காம் படிவத்திற்கு வந்துவிட்டாள். ஏற்பாடு மட்டும் அப்படியே நின்றுவிட்டது. துளசி வீடு திரும்பும்போது அவர் புறப்பட்டுப் போயிருப்பார். அவளுக்கு ஓய்வு நாள் வந்தாலோ, அவர் திரைச்சீலையை இழுத்துவிட்டு உறங்கிக்கொண்டிருப்பார். கணவனும் மனைவியும் ஒரே கட்டிலின் ஒரே பக்கத்தை முறைவைத்துப் பயன்படுத்தினார்கள் என்று சொன்னால் அது மிகையாகாது.

இப்போது அவருடைய தொழிற்சாலையில் பகல் வேலைக்கு ஓர் இடம் காலியாகியிருந்தது. விரும்புகிறவர்கள் நாளைக்குள் பெயர் கொடுக்க வேண்டும் என்று மேற்பார்வையாளர் கமால் அறிவித்திருந்தார். செய்தியை ஜெயராஜ் கைப்பேசி வழியாகத் துளசிக்கு அனுப்பினார். என்ன முடிவு செய்தீர்கள் என்று அவள் கேட்டதற்கு, “உக்காந்து பேசுவோம்” என்று மட்டும் பதில் வந்தது. உணவு இடைவேளையில் அந்த ஒரு வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். விருப்பம் உள்ளவர் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது? வேண்டாம் என்பதை நோகாமல் சொல்வதற்குத்தான் மனிதர்கள் உட்காருவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. இவருக்கு இந்த இருட்டு வாழ்க்கையே பழகிவிட்டதோ, பழகியதோடு நில்லாமல் பிடித்தும் போய்விட்டதோ என்னும் எண்ணம் முள்ளாய்த் தைத்தது.

இன்று அவருக்கு ஓய்வு நாள். பாதுகாப்புப் பயிற்சி என்று சொல்லிப் பகலில் அழைத்திருந்தார்கள். இரவு உணவுக்கு வந்துவிடுவார். ஆகவே உட்கார்ந்து பேசுவதற்கு இந்த ஒரு வேளைதான் இருந்தது.

என்ன சமைப்பது என்பதில் குழப்பம் இல்லை. க்ரீம் என்னும் பாலாடையும் கோழியும் பாஸ்தாவும் ஒன்றாகக் கொதிக்கும் ஒரு காணொளியைக் காமினி சென்ற வாரம் அனுப்பி, “மா, ஒரே சட்டிதான், ப்ளீஸ் லா” என்று கெஞ்சியிருந்தாள். அந்தக் காணொளியில் துளசியைக் கவர்ந்தது பாலாடை அன்று. கழுவ வேண்டியது ஒரே சட்டி என்பதே. சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, ரசத்துக்கு ஒன்று என்று பாத்திரங்களைத் தேய்க்கும் தெம்பு அவள் தோள்களில் மிச்சமில்லை.

முகம் கழுவியதும் உடை மாற்றாமலே அடுப்பைப் பற்றவைத்தாள். எலும்பு நீக்கிய கோழித் தொடைத் துண்டுகள் வெண்ணெயில் விழுந்து சீறின. ஓரங்கள் பொன்னிறமாக மாறியதும் நசுக்கிய பூண்டையும் நறுக்கிய வெங்காயத்தையும் போட்டாள். மிளகுத்தூளைச் சற்றுத் தாராளமாகவே தூவினாள். பிறகு வேகாத பாஸ்தாவை அப்படியே கொட்டி, அது மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி மூடினாள். முதலில் வேகவைத்து வடிக்காமல் இப்படிப் பச்சையாகப் போடுவது அவளுக்குத் தகாத செயலாகப் பட்டது. ஆனால் மூடியைத் திறந்தபோது நீர் வற்றி, பாஸ்தா பருத்து, கோழியின் சாறெல்லாம் அதற்குள் இறங்கியிருந்தது. பாலாடைப் பெட்டியின் மூலையைக் கத்தரித்து ஊற்றினாள். இரண்டு துண்டு சீஸையும் கிள்ளிப் போட்டுக் கிளறினாள். சட்டி முழுவதும் வெண்மையாகவும் வழவழப்பாகவும் ஆயிற்று. அன்றைய நாளில் முதன்முறையாக ஏதோ ஒன்று அவள் சொன்னபடி கேட்டது.

டியூஷன் முடிந்து வந்த காமினி, காலணியைக் கழற்றும்போதே கத்தினாள்.

“மா! வாசம் தூக்குது! செஞ்சிட்டியா?”

“நீ அனுப்பினதுதான். வந்து ருசி பாரு.”

அடுப்பருகே ஓடிவந்தவள் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டு, அப்படியே நின்றாள்.

“மா, இன்னிக்கி என்ன கிழமை?”

“மூணாவது நாள்” என்றாள் துளசி, யோசிக்காமல்.

“ஐயோ, உன் ஃபேக்டரி கணக்கு வேணாம் லா. முருகர் கணக்குல சொல்லு.”

துளசி விரல்விட்டு எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். அவளுடைய வேலை முறை நான்கு நாள் உழைப்பு, நான்கு நாள் ஓய்வு. அவளுடைய வாரத்திற்குத் திங்களும் இல்லை, வெள்ளியும் இல்லை. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், கடைசி நாள் என்பவையே கிழமைகள். ஊரார் வாரமும் அவள் வாரமும் எங்கெங்கோ சந்தித்து எங்கெங்கோ பிரிந்து போய்க்கொண்டிருந்தன.

“செவ்வாய்” என்றாள் காமினி, குரலைத் தாழ்த்தி.

துளசி அடுப்பை அணைத்தாள்.

காமினி கைக்குழந்தையாய் இருந்தபோது டெங்கிக் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தாள். அப்போது தண்ணீர்மலைக் கோயில் படிகளில் வெறுங்காலோடு ஏறிய ஜெயராஜ், இனிச் செவ்வாய்க்கிழமைகளில் புலால் தொடுவதில்லை என்று முருகனிடம் வேண்டிக்கொண்டு இறங்கினார். அன்றிலிருந்து செவ்வாயில் அந்த வீட்டில் முட்டை கூட உடைந்ததில்லை. கோழி சமைத்த நாளில் யாராவது விரதம் என்று வந்தால், ரசத்தை ஊற்றி, பொரியலை வைத்துச் சமாளித்துவிடலாம். குழம்புச் சட்டியின் பக்கம் கரண்டி போகாதிருந்தால் போதும். இங்கே எதை ஒதுக்குவது, எதை வைப்பது? கோழித் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். ஆனால் ஒவ்வொரு பாஸ்தாவும் அந்தச் சாற்றைக் குடித்தல்லவா பருத்திருந்தது! எளிதாக இருக்கும் என்று நம்பிய ஒரே சட்டியில் எல்லாமே கோழியாகிவிட்டது.

வாசற்கதவு திறந்தது.

“என்னா வாசம் இது? வீடு மாறி வந்துட்டேனா?” என்றபடி ஜெயராஜ் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

“கோழி போட்டுட்டேங்க” என்றாள் துளசி. ஒளித்துவைத்துப் பேசும் சக்தி அவளிடம் இல்லை. “செவ்வாய்னு தெரியல.”

அவர் சட்டியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

“காலையில முருகனுக்கு விளக்கேத்தினியே?”

“ஏத்தினேன். கிழமை கேட்டு ஏத்தல.”

“அம்மா காலண்டர்ல மொத்தமே நாலு நாள்தான் பா. செவ்வாய்க்கு எடமே இல்ல” என்று காமினி இடையில் புகுந்தாள்.

ஜெயராஜின் மூக்கிலிருந்து ஓர் ஓசை வந்தது. சிரிப்பா சலிப்பா என்று பிரித்தறிய முடியவில்லை. “பரவால்ல. நீங்க சாப்பிடுங்க. நான் கீழ சைவக் கடைக்குப் போய்ட்டு வந்துடறேன்” என்று மோட்டார் சைக்கிள் சாவியை மறுபடி எடுத்தார்.

“போகாதீங்க.”

அந்தச் சொல் அவள் எண்ணியதைவிட உரக்க வெளிப்பட்டது. இருவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“நீங்க போய்ட்டு வர்றதுக்குள்ள நான் தூங்கிடுவேன். நாளைக்கு விடியறதுக்கு முன்னாடி எனக்கு பஸ். அப்புறம் எப்ப பேசறது? நாளைக்குதானே கடைசி? ரொட்டி இருக்கு. ரொட்டி சாப்பிட்டுக்கிட்டு உக்காருங்க.”

ஜெயராஜ் சாவியை மேசைமேல் வைத்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்து, காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் புட்டியைத் தம் பக்கம் நகர்த்தினார்.

“பா, காயாவுல முட்டை இருக்கு” என்றாள் காமினி.

“இதுலயுமா?” அவர் புட்டியைத் தள்ளிவைத்தார். “முருகா, எனக்குச் சீனியாச்சும் விட்டு வை.”

தாயும் மகளும் தட்டில் பாஸ்தாவைப் போட்டுக்கொண்டார்கள். அவர் ரொட்டியில் சீனியைத் தூவி மடித்துக் கடித்தார். மூவரும் ஒரே மேசையில், ஒரே நேரத்தில்! பாஸ்தா மிகவும் நன்றாக வந்திருந்தது. அதனாலேயே துளசிக்கு விழுங்கச் சங்கடமாக இருந்தது.

“பேர் குடுக்கப் போறீங்களா, இல்லியா?” என்று கேட்டாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தவில்லை.

“நைட் அலவன்ஸ் கொறையுமேன்னு பாக்கறீங்களா?”

“அது இல்ல.”

“பாப்பா தனியா இருப்பாளேன்னா?”

“நான் என்ன பச்சப் புள்ளயா?” என்று காமினி சீறினாள். “பக்கத்து வீட்டுல ஹபீபா பீவி ஆண்ட்டி இருக்காங்க. நான் தும்மினா கூட கதவைத் தொறந்து பாக்கறாங்க. என்னைக் காரணம் சொல்லாதீங்க லா ரெண்டு பேரும்.” அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். போகும்போது கதவை ஓசையின்றிச் சாத்தியது, அவள் கோபத்தில் அன்றி, அவர்களைப் பேசவிடவே போகிறாள் என்பதைக் காட்டியது.

“அப்ப வேற என்ன?” என்றாள் துளசி.

ஜெயராஜ் விரலில் ஒட்டிய சீனியைத் தட்டினார்.

“சிரிக்காத. எனக்குப் பயமா இருக்கு.”

“எதுக்கு?”

“தெனமும் ராத்திரி நீயும் நானும் இங்க எதிரும் புதிருமா உக்காந்திருப்போம். என்ன பேசறது? போன ஓய்வு நாள்ல யோசிச்சுப் பாத்தேன். பில் கட்டியாச்சா, கேஸ் தீந்துடுச்சா, அதைத் தவிர ஒங்கிட்ட சொல்றதுக்கு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. நீ அதைக் கண்டுபிடிச்சிடுவியோன்னு…”

துளசி கரண்டியைக் கீழே வைத்தாள். மூன்று நாட்களாக அவள் அஞ்சிக்கொண்டிருந்தது இதுவன்று. அவர் தன்னை வெறுக்கிறார் என்று ஒரு விடையையும், வேறு யாரோ இருக்கிறார்கள் என்று ஒரு விடையையும், அவற்றுக்கு ஏற்ற மறுமொழிகளையும் பேருந்தில் வரும்போது ஆயத்தம் செய்து வைத்திருந்தாள். அவை எதுவும் இங்கே பயன்படவில்லை.

“எங்கிட்டயும் ஒண்ணும் இல்லிங்க” என்றாள் உண்மையாக. “என்ன கிழமைன்னே தெரியாதவ. எங்கிட்ட என்ன பேச்சு இருக்கப் போகுது?”

“அப்புறம்?”

“பேச வேணாம். சும்மா உக்காந்திருங்க. அது போதும் எனக்கு.”

“சும்மாவா?”

“சும்மாதான். யாராச்சும் ஒருத்தர் எதிர்ல உக்காந்து சாப்பிடணும் எனக்கு. சீனி ரொட்டியா இருந்தாலும் பரவால்ல.”

அவர் அவளுடைய முகத்தை நெடுநேரம் பார்த்தார். கண்களின் கீழே படிந்திருந்த கருமையை இன்றுதான் விளக்கு வெளிச்சத்தில் காண்பவர் போலப் பார்த்தார். பிறகு கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தினார். மறுமுனைக் குரல் துளசிக்கும் கேட்டது.

“என்ன அண்ணே, இந்நேரத்துல?”

“கமால் தம்பி, பகல் வேலைக்கு எம் பேரையும் போட்டுரு.”

“நேத்து கேட்டப்ப யோசிக்கணும்னீங்க?”

“யோசிச்சாச்சு.”

“நீங்க யோசிச்சீங்களா, அக்கா யோசிச்சாங்களா?”

“அக்காதான்.”

“அப்ப சரி லா அண்ணே. நீங்க மட்டும்னா மாத்திப் பேசுவீங்க. எழுதிக்கிட்டேன்.”

அவர் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தார். துளசிக்கு அழ வேண்டும் போல இருந்தது. அதற்கும் தெம்பு வேண்டும் என்பது தெரிந்தது. எதிரெதிரே இருவர் மட்டும் எஞ்சியிருந்த அந்த மேசையில், அவர் அஞ்சிய மௌனம் உடனே வந்து அமர்ந்தது.

“நாளைக்கு மழை வருமோ?” என்றார் ஜெயராஜ், சற்று நேரம் கழித்து.

“தெரியலிங்க.”

“ம்.”

அவள் தட்டை ஒதுக்கிவிட்டு, மடித்த கையின்மேல் தலையைச் சாய்த்தாள். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. நாற்காலி நகரும் ஓசைக்காக அவளுடைய காதுகள் மட்டும் சற்று நேரம் விழித்திருந்தன. ஓசை எதுவும் எழவில்லை. அவர் உட்கார்ந்தே இருந்தார்.